காற்றைத் தூக்குவது யார்?

மழைக்கு ஈரக்காற்று மட்டும் போதாது. அதை மேலே தூக்க ஏதாவது வேண்டும். குமரி மாவட்டத்தில் அந்த வேலையைச் செய்வது சீசனுக்குச் சீசன் மாறும்.

ஜூனில் தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் மலைதான் தூக்குகிறது. அரபிக்கடல் காற்று பாலமோர், பேச்சிப்பாறை பக்கம் மலையில் முட்டி ஏறும். ஒரு கணக்கு போடுவோம். அடிவாரத்தில் காற்று 28 டிகிரி. மேகம் கட்டும்வரை 100 மீட்டருக்குச் சுமார் 1 டிகிரி குறையும். 600 மீட்டரில் 22. அதன்பின் நீராவி நீராகும்போது வெப்பம் வெளிப்படுவதால் பாதியளவே குறையும். 1,600 மீட்டர் உச்சியில் 17. மழையை இங்கேயே கொட்டிவிட்டு மறுபக்கம் இறங்கினால் மறுபடி 100 மீட்டருக்கு 1 டிகிரி ஏறி 33 ஆகிவிடும். பணகுடி, வள்ளியூர் காய்வது இதனால்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஏற மலையே இல்லை. அதனால் மழையும் குறைவு, காற்று மட்டும் முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றிவிட்டுப் போகும்.

இந்த மேகங்கள் பெரும்பாலும் உயரம் குறைந்தவை. 0.02 மில்லிமீட்டர் துளிகள் மோதிச் சேர்ந்தே வளர வேண்டும். 2 மில்லிமீட்டர் துளி ஒன்றுக்குப் பத்து லட்சம் சிறுதுளிகள் தேவை. அதனால் இடியில்லாத சாரலாக நாள் முழுக்க நீளும். ரப்பர் பால்வெட்டுக்கு இதுதான் தொல்லை: வெட்டுக்காயம் நனைந்தால் பால் பட்டையில் பரவி வீணாகும். வெட்டுக்கு மேலே பிளாஸ்டிக் ரெயின் கார்டு (மழைத்தடுப்பு) ஒட்டும்போது, ஒட்டும் தாரில் விரலளவு இடைவெளி விட்டாலும் தண்ணீர் உள்ளே வழியும்.

ஏப்ரல், மே கோடைமழை வேறு ஜாதி. தரை சூடேறி, கடற்காற்றும் உள்ளே வர, மதியத்துக்குமேல் மேகம் 10 கிலோமீட்டருக்கு மேலும் எழும்பும். மேலே பனிக்கட்டி உருவாவதால் இடி மின்னல். தக்கலை நனையும், நாகர்கோவிலில் புழுதி பறக்கும். காலையில் பால்வெட்டு முடிந்திருக்கும் என்பதால் தோட்டத்துக்கு இது லாபமே.

காற்றழுத்தத் தாழ்வு வந்தால் நாலாபக்கக் காற்றும் நடுவில் குவிந்து மேலேறும். மாவட்டம் மொத்தமும் நனையும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அப்படித்தான்.

வீட்டில் அளக்க, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம் வேண்டும். வாய் குறுகிய பாட்டில் குறைத்துக் காட்டும். மரத்தடியில் வைக்கக் கூடாது. 10 மில்லிமீட்டர் என்றால் 1,000 சதுர அடி மொட்டைமாடியில் சுமார் 930 லிட்டர். காலை 8.30-க்கு அளந்தால் வானிலைத் துறைக் கணக்கோடு ஒப்பிடலாம்.