மூலிகைத் தேநீர்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றல்: வீட்டில் செய்து பார்த்த ஒப்பீடு

மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால், இரத்தக் குழாய்களுக்கு அது அளித்துவந்த காப்பும் குறைகிறது. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கூடுகிறது, எலும்பும் வேகமாகத் தேய்கிறது. இம்மாற்றங்களில் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும், அதாவது தனி உறுப்புகள் எனப்படும் வினைமிகு மூலக்கூறுகள் மிகுந்து செல்களைச் சிதைக்கும் நிலைக்கும், பங்குண்டு என்பதால்தான் என் வயதுப் பெண்களுக்கு மூலிகைத் தேநீர்களை இவ்வளவு பரிந்துரைக்கிறார்கள். அவற்றுள் எதற்கு எவ்வளவு ஆற்றல் என்பதை என் சமையலறையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன்.

ஆய்வுக்கூடங்களில் டிபிபிஎச் என்னும் ஊதாக் கரைசல் மூலிகைச் சாற்றால் மஞ்சளாக வெளுப்பதை அளக்கிறார்கள். நான் அதற்குப் பதிலாக, புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினில் சில சொட்டுகளைத் தண்ணீரில் விட்டு, வடித்த கஞ்சி ஒரு கரண்டி சேர்த்தேன். கரைசல் உடனே கருநீலமாகிவிடும். அதில் ஆறிய தேநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், விழுந்த இடத்தில் முதலில் ஒரு வெளிறிய வளையம் தோன்றி மறையும்; பிறகு நீலம் மெல்லச் சாம்பலாகி, ஒரு கட்டத்தில் சட்டென்று தெளியும். தேநீரிலுள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்புப் பொருள்கள் அயோடினை நிறமற்றதாக மாற்றுவதால், குறைந்த சொட்டுகளில் தெளிந்தால் ஆற்றல் மிகுதி என்று கொள்ளலாம்.

நெல்லி வற்றல் கஷாயமும் பச்சைத் தேயிலையும் மிக விரைவில் தெளியவைத்தன. நிழலில் உலர்த்திய ஆவாரம்பூ அடுத்து வந்தது. துளசிக்கு நிறையச் சொட்டுகள் தேவைப்பட்டன. ஒரே ஆவாரம்பூவை மூடிவைத்து ஐந்து நிமிடம் ஊறவிட்டதற்கும், வெந்நீரில் போட்டவுடன் வடித்ததற்கும் தெளிவான வேறுபாடு இருந்தது. சங்குப்பூவின் நிறமே நீலம் என்பதால் இச்சோதனை அதற்குப் பயன்படாது. எலுமிச்சை பிழிந்ததும் அது ஊதாவாவது அந்தோசயனின் நிறமி புளிப்புக்கு ஏற்ப மாறுவதால்தான். அதை ஆற்றலின் அடையாளமாகக் காட்டுவது சரியன்று.

அயோடினை வெளுக்கச் செய்யும் திறன் உடலுக்குள் அப்படியே நிகழும் என்று கருத இயலாது. அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு ஆற்றலை ஆய்வுக்கூடத்தில் அளந்து குறிக்கும் ஓராக் மதிப்புப் பட்டியலை 2012-இல் இக்காரணத்துக்காகவே நீக்கியது. ஆகவே மனிதர்களிடம் நடந்த ஆய்வுகளையே நான் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சற்று உயர்ந்த இரத்த அழுத்தம் உடைய 65 பேரில் ஒரு பிரிவினர் நாளுக்கு 3 கோப்பை வீதம் 6 வாரம் தேநீர் அருந்த, அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 7.2 மி.மீ. பாதரச அளவு குறைந்தது. அத்தேநீர் சிவப்புப் புளிச்சையின் புல்லிவட்டத்தில் செய்தது. நம் வேலியோரச் செம்பருத்தி அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அம்முடிவை இதற்கு ஏற்றிச் சொல்லக் கூடாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

இனிப்புச் சுவைக்காகச் சேர்த்துவந்த அதிமதுரத்தைக் கலவையிலிருந்து நீக்கிவிட்டேன். தொடர்ந்து அருந்தினால் அது இரத்த அழுத்தத்தை உயர்த்தி, பொட்டாசியத்தைக் குறைக்கக்கூடியது. தேநீரில் உள்ள பாலிபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் கீரை, பருப்பிலுள்ள இரும்புச் சத்து சேர்வதைத் தடுப்பதால், உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்தே அருந்துகிறேன். அழுத்த மாத்திரை உண்ணும் என் அக்காவுக்குப் புளிச்சைத் தேநீரை மருத்துவரைக் கேட்ட பின்னரே கொடுக்கவிருக்கிறேன். அடுத்து முருங்கையிலையை நிழலிலும் வெயிலிலும் தனித்தனியே உலர்த்தி ஒப்பிடப்போகிறேன்.