காசிக்குப் போகாத டிக்கெட்டும் ஒரு வருட வவுச்சரும்

பொங்கல் கழிந்த வாரம் நாங்கள் நான்கு பேரும் காசிக்குக் கிளம்பத் தயாராக இருந்தோம். அப்பா, அம்மா, நான், மனைவி. பெங்களூரிலிருந்து வாரணாசிக்கு நேர் ஃப்ளைட், போக வர சேர்த்து 47,480 ரூபாய், கிரெடிட் கார்டில் கட்டியது. காசிக்குப் போகும் முன் அக்காளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததால் முதல் நாள் ஏற்காட்டுக்குப் போய், நாகலூரில் பெரியம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அவர்கள் கட்டிக் கொடுத்த காபிப் பொடியும் மிளகும் மடியில் இருக்க, ராத்திரி மலை இறங்கிக்கொண்டிருந்தோம். சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு ஒரு மணிக்கு அதே கார் பெங்களூருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

ஏழாவது வளைவோ எட்டாவது வளைவோ, செல்போனில் மெசேஜ் வந்தது. வடக்கே கடும் பனிமூட்டம், நாளைய உங்கள் விமானம் ரத்து, கீழே உள்ள லிங்க்கைத் தொடவும்.

ஏற்காடு ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும், ஒரு கொண்டை ஊசியில் நாலு கோடு சிக்னல் இருக்கும், அடுத்ததில் ஒன்றும் இருக்காது. லிங்க்கைத் தொட்டேன். பக்கம் பாதி வந்து நின்றது. மேலே பெரிய ஊதா நிறப் பட்டன், முழுத் தொகையையும் உடனே வவுச்சராகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘மற்ற வாய்ப்புகள்’ என்று ஒரு வரி, அதைத் தொட்டால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பின் சீட்டிலிருந்து அம்மா, “என்ன சாமி சொல்றாங்க, போறமா இல்லையா?” என்று மூன்றாவது தடவை கேட்டார். பெரிய பட்டனை அழுத்தினேன். அது மட்டும் ஒரே நொடியில் வேலை செய்தது.

இந்தப் பதிவை எழுதுவதே அந்த ஒரு அழுத்தலுக்காகத்தான். விமான நிறுவனமே ஃப்ளைட்டை ரத்து செய்தால் வேறு ஃப்ளைட்டா, பணமா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பணத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு வவுச்சராகவோ கிரெடிட் ஷெல்லாகவோ (அடுத்த டிக்கெட்டுக்கென்று நம் பெயரில் அவர்கள் கணக்கிலேயே நிற்கும் தொகை) தருவது பயணி சம்மதித்தால்தான், நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதியிலேயே இருக்கிறது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் ரத்தான 7 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்பதும் அதே விதிதான். ஏஜென்ட் மூலம் போட்ட டிக்கெட் என்றால் ஏஜென்டைக் கேளுங்கள் என்று நிறுவனம் கைகழுவ முடியாது, ஏஜென்ட் அவர்கள் ஆள், பொறுப்பும் அவர்களுடையது. இதெல்லாம் எனக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு மேல் தெரிந்தது. அதற்குள் நானே என் கையால் சம்மதம் கொடுத்தாகிவிட்டது.

கஸ்டமர் கேருக்கு அடித்தேன். நாற்பது நிமிடம் பாட்டு. அப்புறம் ஒரு பையன், ரொம்ப மரியாதையாக, “சார், நீங்களே செலக்ட் பண்ணிட்டீங்க சார்” என்றான். சிக்னல் இல்லை தம்பி, இன்னொரு பட்டன் வரவேயில்லை என்றேன். “புரியுது சார்” என்றான். மத்திய அரசின் ஏர்சேவா தளத்தில் புகார் போட்டேன், அங்கும் சுற்றிச் சுற்றி வந்த பதில் அதேதான். அவர்களைக் குற்றம் சொல்லி என்ன, கணக்குப்படி அழுத்தியது நான்தானே. பதற்றத்தில் இருப்பவன் எதை அழுத்துவான் என்று தெரிந்து அந்தப் பட்டனை அவ்வளவு பெரிதாக வைத்தவர்கள் மேல்தான் இன்னும் கோபம் இருக்கிறது.

முதல் நாள் ராத்திரி ரத்து செய்தார்களே, நஷ்ட ஈடு கேட்கலாமே என்று ஆபீஸில் ஒருவர் கிளப்பிவிட்டார். சரியான நேரத்தில் சொல்லாமல் ரத்து செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் வரை என்று இருக்கிறது, அதிலும் ஒரு வழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் குறைந்ததுதான் கிடைக்கும். ஆனால் பனி, புயல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணம் என்றால் நஷ்ட ஈடு கிடையாது. இந்த இரண்டையும் நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். பனி என்றால் நஷ்ட ஈடுதான் கிடையாது, டிக்கெட் பணம் உண்டு. “வானிலை சார், எதுவும் வராது” என்று யாராவது சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள்.

காசியில் தங்க ஏற்பாடு செய்திருந்த சத்திரத்துக்கு அப்பா போன் செய்து வர முடியவில்லை என்றார். “அதுக்கென்னங்க, எப்ப வர்றீங்களோ அப்ப வாங்க” என்று வைத்துவிட்டார்கள். வவுச்சர் கோடு இல்லை, கடைசித் தேதி இல்லை, ஓடிபி இல்லை.

வவுச்சர் மெயிலில் வந்தது. 46,280 ரூபாய். 1,200 எங்கே என்றால் அது கன்வீனியன்ஸ் கட்டணமாம். யாருடைய வசதிக்கு என்று தெரியவில்லை. அந்த மாதம் 18ஆம் தேதி கார்டு பில் வந்தது, ஏறாத ஃப்ளைட்டுக்கு முழுதாகக் கட்டினேன்.

என் சித்தப்பா செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். அவருக்கு 2020 ஊரடங்கில் டெல்லி டிக்கெட் இப்படித்தான் மாட்டியது. அப்போது நாடு முழுக்க எல்லோர் பணமும் மாட்டியிருந்ததால் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பணம் திருப்ப முடியாத நிலையில் இருக்கும் நிறுவனங்கள் 2021 மார்ச் 31 வரை கிரெடிட் ஷெல்லில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் மதிப்பு மாதம் அரை சதவீதமும், 2020 ஜூனுக்குப் பிறகு முக்கால் சதவீதமும் கூட வேண்டும், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாம், அதற்குள் பயன்படுத்தாவிட்டால் பணமாகவே திருப்ப வேண்டும். சித்தப்பா பறக்கவே இல்லை, கடைசியில் கணக்குப் போட்டு வாங்கிவிட்டார். என் கதையைக் கேட்டதும், “வட்டி எவ்வளவு போட்டுத் தர்றாங்க?” என்றுதான் முதலில் கேட்டார். அது அந்தக் காலத்துக்கு மட்டும் வந்த ஏற்பாடு சித்தப்பா, என் வவுச்சர் குட்டி எல்லாம் போடாது என்று விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதே சித்தப்பாதான் ஓமலூர் பக்கம் காமலாபுரம் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்கு நாலு தடவை போய் வந்து கழித்துவிடு என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். 2018-ல் சேலம் – சென்னை ஃப்ளைட் தொடங்கி, 2021-ல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வர ஆரம்பித்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் என் வவுச்சர்காரர்கள் சேலத்துக்கு வருவதில்லை. தவிர இது ஒரே தடவை பயன்படுத்தும் வவுச்சர். நாலாக உடைக்க முடியாது. வவுச்சர் எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சில நிறுவனங்களில் மீதித் தொகை கணக்கிலேயே இருக்கும், சிலவற்றில் ஒரே டிக்கெட்டோடு தீர்ந்துபோகும்.

அடுத்தது கடைசித் தேதி. ‘ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தவும்’ என்று மட்டும் இருந்தது. பயன்படுத்துவது என்றால் டிக்கெட் போடுவதா, பறந்து முடிப்பதா? போனில் கேட்டதற்கு ஒருவர் டிக்கெட் போட்டால் போதும் என்றார், இன்னொருவர் பயணமே முடிய வேண்டும் என்றார். மெயிலில் எழுதிக் கேட்டேன், பதினோரு நாள் கழித்துப் பயணமே முடிய வேண்டும் என்று பதில் வந்தது. நல்ல வேளை எழுத்தில் கேட்டேன். அப்படியென்றால் அடுத்த டிசம்பர், ஜனவரி எல்லாம் மறுபடி பனிக்காலம், அதை நம்ப முடியாது. சித்திரை, வைகாசி காசி வெயில் அப்பாவுக்கு ஆகாது. ஆடியில் அம்மா கிளம்ப மாட்டார். கழித்துப் பார்த்தால் தீபாவளி முடிந்து கொஞ்ச நாள்தான் மிச்சம். ஒரு வருடம் என்று பெயர், கைக்கு வந்தது மூன்று வாரம்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். விலை 48,000-க்கு மேல் காட்டிக்கொண்டிருந்தது, அதுதான் எனக்கு வேண்டியதும். டிக்கெட் வவுச்சரைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால் மேலே உள்ளதை மட்டும் கார்டில் கட்டிவிடலாம், ஒரு பைசா வீணாகாது. எல்லாம் நிரப்பி, வவுச்சர் கோடு போட்டால், ‘விவரங்கள் பொருந்தவில்லை’.

இங்கேதான் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் ஒரு எழுத்து இனிஷியலோடு இருக்கிறது. முதல் தடவை டிக்கெட் போட்டது என் மனைவி, பெரியவர் முதலில் இருக்கட்டும் என்று அப்பாவை முதல் பயணியாகப் போட்டிருக்கிறாள், ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தில் ஒரு எழுத்தை அது ஏற்காததால் தாத்தா பெயரை முழுதாக அடித்திருக்கிறாள். வவுச்சர் முதல் பயணி பெயரில்தான் வரும் என்று யாருக்குத் தெரியும்? நமக்கு ஏது கடைசிப் பெயர். எங்கள் தாத்தா போய் முப்பது வருடம் ஆகிறது, அவர் பெயரைச் சரியான ஸ்பெல்லிங்கில் போட்டால்தான் எங்களுக்குக் காசி.

பெயர் சரியானது. இப்போது ‘செல்லாத வவுச்சர்’. கோடில் ஒரு வட்டம் இருந்தது, அது ஓ எழுத்தா பூஜ்யமா என்று இரண்டையும் போட்டுப் பார்த்தேன். மெயிலிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினேன். செல்லாத வவுச்சர். ஐந்து தடவை தப்பானால் பூட்டிக்கொள்ளும் என்று மனைவி பயமுறுத்தினாள். மறுபடி கஸ்டமர் கேர், மறுபடி பாட்டு. இந்தத் தடவை எடுத்தது ஒரு பெண், குரலிலேயே நம்ம பக்கம் என்று தெரிந்தது. “சார், ஒட்டினதுக்கப்புறம் கடைசியில ஒரு ஸ்பேஸ் நிக்குதுங்களா பாருங்க.” கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். கடைசி எழுத்தைத் தாண்டி ஒரு விரல்கடை தள்ளி நின்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, அழித்தேன். பச்சை டிக் விழுந்தது. பத்து மாதமாக 46,280 ரூபாய்க்கு இருந்த தடையில் கடைசியானது ஒன்றுமே இல்லாத ஒரு காலி இடம். அந்தப் பெண் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இதற்குள் இன்னொரு கூத்து. நான் போனில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில் டிக்கெட் விலை இறங்கி 45,416 ஆகியிருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக விலை குறைந்ததற்கு வருத்தப்பட்டேன். மிச்சம் 864 ரூபாயை சீட் வாங்கியோ சாப்பாடு சொல்லியோ கரைக்கலாம் என்று பார்த்தால், வவுச்சர் டிக்கெட் கட்டணத்துக்கு மட்டும். ஏறுகிறதா என்று காத்திருந்து பார்க்கிறேன் என்றதற்கு மனைவி என்னைப் பார்த்த பார்வையில் உடனே அழுத்திவிட்டேன்.

ஃப்ளைட் இந்த முறை சரியாகக் கிளம்பியது. ஆனால் தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று நின்றுபோய் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை, ஓசூர் தாண்டி, பெங்களூர் ஏர்போர்ட் இருக்கும் தேவனஹள்ளி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. சேலத்துக்காரன் விமானம் ஏறுவதற்கு முன் ஒரு முழுப் பயணம் செய்தாக வேண்டும், அந்த கார் வாடகைக்கு எந்த வவுச்சரும் வராது.

காசிக்குப் போனால் பிடித்த காய் ஒன்று, பழம் ஒன்று விட்டுவிட்டு வர வேண்டும் என்பார்களே. அம்மா உண்மையாகவே யோசித்துக் கத்திரிக்காயை விட்டார், பலாப்பழத்தையும் விட்டார். அப்பா பாகற்காயை விட்டார், அதை அவர் முன்னாலும் தொட்டதில்லை. நீ எதை விட்டாய் என்று ஊர் திரும்பியதும் பெரியம்மா போனில் கேட்டார். 864 ரூபாயை விட்டேன் பெரியம்மா என்றேன்.