வெட்டிய 40 விநாடி

"அதுதாம்மா உண்மை" என்று சொன்னேன். மூன்று வருஷமாகிறது, அந்த வார்த்தை இன்னும் தொண்டையில் நிற்கிறது.

அமெரிக்க ராக் இசைக்குழு பேர்ல் ஜாமின் 'அலைவ்' பாட்டைப் பற்றிய ரேடியோ நிகழ்ச்சி, ஸ்கிரிப்ட் என்னுடையது. மறுநாள் ஓர் அம்மா ஸ்டேஷனுக்கு போன் செய்தார். "தம்பி, கீமோ முடிஞ்ச அன்னிக்கு கார்ல வீடு வந்து சேர்ற வரைக்கும் என் பையன் இந்தப் பாட்டைத்தான் கத்திக்கிட்டே வந்தான். நேத்து நீங்க சொன்னதைக் கேட்டுட்டுப் பேசாம எழுந்து உள்ள போயிட்டான். எதுக்குத் தம்பி அதைச் சொன்னீங்க?"

நான் சொன்னதில் பொய் இல்லை. 1990இல் சியாட்டிலில், பின்னால் பேர்ல் ஜாம் ஆன குழுவுக்கு ஸ்டோன் கோஸார்டும் ஜெஃப் அமெண்ட்டும் பாடகர் தேடிக்கொண்டிருந்தார்கள். இசை மட்டும் பதிந்த டேப் ஒன்று, டிரம்மர் ஜாக் அயன்ஸ் கை வழியாக சான் டியேகோவில் இருந்த எடி வெடரிடம் போனது. அவர் அதைக் கேட்டார், அலைச்சறுக்குக்குப் போனார், வந்து வரிகளை எழுதினார், பாடித் திருப்பி அனுப்பினார். பாட்டில், அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை, பெற்றவர் செத்துப்போனார் என்று ஒரு தாய் மகனிடம் சொல்கிறாள். வெடரின் வாழ்க்கையில் நடந்ததுதான் அது. 'இன்னும் உயிரோடிருக்கிறேன்' என்று அந்தப் பையன் பாடுவது சந்தோஷத்தில் அல்ல. அவனுக்கு அது சாபம். தொடர்ச்சியான 'ஒன்ஸ்' பாட்டில் அவன் கொலைகாரனாகிறான். 'ஃபுட்ஸ்டெப்ஸ்' பாட்டில் மரண தண்டனைக்குக் காத்திருக்கிறான்.

இதோடு நிகழ்ச்சியை முடித்தேன். என் ஸ்கிரிப்ட் இதோடு முடியவில்லை.

கடைசிப் பத்தி ஒன்று இருந்தது. 2006இல் ஒரு தொலைக்காட்சி மேடையில் வெடரே சொன்னது அது: கச்சேரிக்குக் கச்சேரி கூட்டம் அந்த வரியைக் கொண்டாட்டமாகப் பாடப் பாட, பாட்டின் அர்த்தமே மாறிவிட்டது, கேட்டவர்கள்தான் அந்தச் சாபத்தை நீக்கினார்கள் என்று. விளம்பரத்துக்காக 40 விநாடி குறைக்கச் சொன்னார்கள். பென்சிலால் அந்தப் பத்தியின் குறுக்கே கோடு போட்டேன்.

நேரமில்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அலைச்சறுக்கை எடுத்திருந்தாலும் அதே 40 விநாடி மிஞ்சியிருக்கும். சாபத்தில் முடித்தால் கேட்கிறவர் நெஞ்சில் தைக்கும் என்று எனக்குத் தெரியும். தைத்தது.

அந்தக் கதை முழுசாக யாருக்குக் கிடைத்தது என்றும் வாதாடிப் பார்த்திருக்கிறேன். 1991 ஆகஸ்டில் 'டென்' ஆல்பம் வந்தபோது 'ஃபுட்ஸ்டெப்ஸ்' அதில் இல்லை. மறு வருஷம் 'ஜெரமி' என்ற பாட்டின் சிங்கிளோடு, அதாவது ஒற்றைப் பாட்டுக்காக விடும் தட்டோடு, வந்தது. 'அலைவ்' முந்தியே சிங்கிளாக வந்திருந்தது. அறுந்து வந்ததால்தான் ஜனங்கள் அதைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்களோ என்னவோ. அப்படியென்றால் பின்கதையே சொல்லியிருக்க வேண்டாமா? இதுவும் தோன்றுகிறது. ஆனாலும் அடுத்த வாரமே இன்னொரு பாட்டின் கதையை எழுதினேன், இன்றும் எழுதுகிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் பாட்டைப் போட என்னால் முடிவதில்லை.

அதெல்லாம் சரி. அந்த அம்மா கேட்டபோது பென்சில் கோடு போட்ட தாள் என் மேஜையில்தான் கிடந்தது. பாதியைத்தான் சொன்னேன், மீதி இதோ இருக்கிறது, படிக்கிறேன் கேளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். 40 விநாடி போதும். "அதுதாம்மா உண்மை" என்றேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை அவர். அப்புறம், "சரி தம்பி" என்று வைத்துவிட்டார். நம்பரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.