டிராக்கிலிருந்து ரோட்டுக்கு: என் எம்எக்ஸ்-5

நான் வாங்கிய 1991 மஸ்டா எம்எக்ஸ்-5, துணிக்கூரை போட்ட இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், ஏற்கெனவே ஒருவர் பந்தய டிராக்கில் ஓட்டத் தயார் செய்து வைத்திருந்தது. தரையோடு தரையாகத் தாழ்த்தி, விறைப்பான காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த செட்), பந்தய பிரேக் பேட், சஸ்பென்ஷன் இணைப்புகளில் ரப்பருக்குப் பதில் கெட்டியான பாலியூரிதேன் புஷ் எல்லாம் போட்டிருந்தது. பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நான் இருப்பது இங்கிலாந்தில், ஷெஃபீல்டில். ஓட்டுவது வேலைக்கும், ஞாயிறு காலைகளில் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைச் சாலைகளிலும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முதுகில் அடி விழுந்தது, வளைவில் ரோடு கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலே டயர் தரையில் நிற்காமல் துள்ளியது.

இந்த முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-ல் சஸ்பென்ஷன் ஏறி இறங்குவதற்கான இடமே குறைவு. அதையும் தாழ்த்திவிட்டால், கொஞ்சம் அமுங்கியதுமே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டையில் போய் இடிக்கும், அதற்குப் பிறகு ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. காரின் எடையே சுமார் 950 கிலோதான், நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது மேலும் கீழும் ஒவ்வொரு கை வைத்துச் சக்கரத்தைப் பிடிக்கும் சஸ்பென்ஷன். இதற்கு எதற்கு அவ்வளவு விறைப்பு?

சரி, மாற்றலாம் என்று காரைத் தூக்கிப் பார்த்தால் முதல் செலவு வேறு இடத்தில் இருந்தது. சீட்டுக்குப் பின்னால், துணிக்கூரையில் விழும் மழைத் தண்ணீர் வடிய இரண்டு பக்கமும் துளைகள் உண்டு. அவை இலை தழை அடைத்துப் போனால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதிக்குள் தேங்கி உள்ளிருந்தே துருப்பிடிக்கும். குளிர்காலத்தில் இங்கே ரோட்டில் தூவும் உப்பும் சேர்ந்துகொள்ள, என் காரில் இடது பக்கச் சில்லை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. பழைய எம்எக்ஸ்-5 வாங்குகிறவர்கள் தயவுசெய்து முதலில் அந்தத் துளைகளைப் பாருங்கள்.

அப்புறம்தான் சஸ்பென்ஷன். அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்யும் எக்சென்ட்ரிக் போல்ட்கள் புஷ்ஷோடு சேர்ந்து இறுகிப்போயிருந்தன. மூன்று நாள் எண்ணெய் விட்டும் சூடு காட்டியும் அசையவில்லை, கடைசியில் ரம்பத்தால் அறுத்துத்தான் எடுத்தேன். உயரத்தை ஒரிஜினல் அளவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மிதமான ஸ்பிரிங்கும் நல்ல ஷாக் அப்சார்பரும் போட்டேன். பாலியூரிதேனை எடுத்துவிட்டு ரப்பர் புஷ். இதில் ஒரு தப்பு செய்தேன்: கார் ஜாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்களை முழுசாக இறுக்கிவிட்டேன். அப்படி இறுக்கினால் காரைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துபோகும். எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் நிலையில் மறுபடி இறுக்கினேன். ஒரு முழு நாள் போயிற்று.

பந்தய பிரேக் பேட் சூடேறினால்தான் சரியாகப் பிடிக்கும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் வரும் முதல் சிக்னலில் அது எதற்கு ஆகும்? ரோட்டுக்கான சாதாரண பேட், புது டாட் 4 பிரேக் ஆயில், அவ்வளவுதான். டயரும் கார் வெளிவந்தபோது இருந்த 185/60 ஆர்14 அளவே. பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் பள்ளத்தின் அதிர்ச்சியில் கொஞ்சத்தை அதுவே வாங்கிக்கொள்கிறது.

என்ஜினைத் தொடவில்லை. டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் மட்டும் புதுசு. இந்த எடைக்கு 1.6 லிட்டரும் சுமார் 115 குதிரைத் திறனும் எனக்குத் தாராளம். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஒரிஜினலிலிருந்து மாறிய ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டேன். இங்கே அதை மறைத்தால் விபத்து நேரத்தில் பணமே கிடைக்காமல் போகலாம்.

கடைசியாக அலைன்மென்ட். முடித்த அன்றே லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி ஸ்நேக் பாஸ் மலைச் சாலையில் கிளாஸப் ஊர் வரை ஓட்டினேன். முன்பு துள்ளிய அதே வளைவில், அதே ஒட்டுப்போட்ட ரோட்டில், கார் லேசாகச் சாய்ந்து, மேடு பள்ளத்தை விழுங்கிக்கொண்டு, நான் திருப்பிய இடத்துக்கே போயிற்று. கிளாஸப்பில் டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்பி வந்தேன், இன்னொரு தடவை அந்த வளைவை எடுப்பதற்காகவே.

அடுத்தது துணிக்கூரையின் பின் ஜன்னல். பிளாஸ்டிக் மங்கிப்போயிருக்கிறது. ஆனால் குளிரில் அதை மடக்கினால் வெடித்துவிடும், வெயில் வந்ததும் கை வைக்கிறேன்.