ஆயிரம் ரூபாவும் அரைப்பேரும்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக உயர்த்த வேண்டும் என்று 2015இல் எழுந்த கோரிக்கை, 2021 மார்ச்சில் வெளியான வர்த்தமானி அறிவித்தலோடு சட்டமானது. அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். வர்த்தமானி வந்த பிறகு அந்த ஆயிரம் ரூபாவைச் சம்பளச் சீட்டில் முழுதாகப் பார்ப்பதற்கு எங்கள் தோட்டத்துப் பெண்கள் என்னென்ன செய்ய வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். என் அம்மா கொழுந்து பறிப்பவர். நான் ஹட்டன் நகரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் கம்பனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. தோட்டத்து வரிசைவீடான லயத்தில் நாங்கள் குடியிருக்கும் அறை இன்னும் அவர்களுடையதாகத்தான் இருக்கிறது.

சம்பள உயர்வு என்று அறிவிக்கப்படும் தொகையை உடைத்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பதை எங்களுக்கு 2019ஆம் ஆண்டுதான் கற்றுத் தந்தது. அதற்கு முன்பு, 2016இல் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் கைச்சாத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கான கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப் பங்குக் கொடுப்பனவு 30 என்று ஒரு நாளுக்கு மொத்தம் 730 ரூபா கிடைத்து வந்தது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி மலையக இளைஞர்கள் கறுப்பு உடையணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டு, ஆயிரம் ரூபா அடிப்படைச் சம்பளம் வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்தவர்கள். மாதா மாதம் வீட்டுக்குக் காசு அனுப்பியவர்கள் என்பதால், தாயின் சம்பளம் எதற்குப் போதாமல் போகிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள். அடுத்த ஜனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்ந்தது. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீக்கப்பட்டு, விலைப் பங்குக்கு 50 ரூபா மட்டும் வைக்கப்பட்டதால் மொத்தம் 750 ஆனது. மேடைகளில் இருநூறு ரூபா என்று பேசப்பட்ட உயர்வு, எல்லாக் கொடுப்பனவும் பெற்று வந்த ஒருவருக்கு இருபது ரூபாவாகவே வந்து சேர்ந்தது. நியாயமாகச் சொல்வதானால், அடிப்படை கூடியதால் ஊழியர் சேமலாப நிதிக்கும் சேவைக்காலப் பணத்துக்கும் நன்மை உண்டு. ஆனால் அது ஓய்வு பெறும் நாளில் தெரியும் நன்மை, கடைக்கணக்கைத் தீர்க்க உதவாது.

2021இல் நிலைமை மாறியது. கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தை விட்டு, 1941ஆம் ஆண்டின் சம்பள நிர்ணய சபைக் கட்டளைச் சட்டத்தின்கீழ் நாளொன்றுக்கு 900 ரூபா அடிப்படையும் 100 ரூபா வரவுசெலவுத் திட்ட நிவாரணக் கொடுப்பனவும் என்று அரசாங்கமே வர்த்தமானியில் வெளியிட்டது. கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகிக்கொண்டன. அதோடு தொழிற்சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கும் பழக்கமும் நின்றது. சந்தா நின்றதும் எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, அவருக்கும் பஸ் காசை யாராவது கொடுக்க வேண்டுமல்லவா.

ஆயிரம் ரூபா வந்த கையோடு அரைப்பேரும் வந்தது. மலையகத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு நாள் வேலை செய்து முழுச் சம்பளத்துக்கு உரியவராவதை எங்கள் பக்கத்தில் ‘பேர் விழுந்தது’ என்பார்கள். தோட்டம் நிர்ணயித்த கிலோ அளவுக்குக் கொழுந்து பறிக்காவிட்டால் அரைப்பேர்தான் விழும். அரைப்பேர் பழைய வழக்கந்தான். ஆனால் முன்பு பதினெட்டு கிலோவுக்குப் பேர் போட்ட எங்கள் தோட்டத்தில், வர்த்தமானிக்குப் பிறகு இருபது கிலோ கேட்டார்கள். அந்த ஆண்டு நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. உரம் இல்லாத மலையில் கொழுந்து குறைந்துகொண்டே போனது. கேட்கும் கிலோவோ கூடியிருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர் கூடையைச் சுமந்தவர்தான்.

இதன் கணக்கு எளிது. மாதத்தில் இருபது நாள் வேலைக்குப் போன ஒருவருக்குப் பன்னிரண்டு பேரும் எட்டு அரைப்பேரும் போட்டால், அவருக்குப் பதினாறு நாள் சம்பளமே சேரும். இருபதாயிரம் வர வேண்டிய இடத்தில் பதினாறாயிரம். அதிலிருந்து சேமலாப நிதிக்கு 8 சதவீதம் போகும். பிறகு முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு, மரண சகாய நிதி என்று ஒவ்வொன்றாகக் கழியும். தொழில்தருநர் செலுத்த வேண்டிய 12 சதவீத சேமலாப நிதியும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியும்கூடக் குறைந்த தொகைக்கே கணக்கிடப்படும் என்பதால், அரைப்பேரின் இழப்பு அந்த மாதத்தோடு முடிவதில்லை.

எதிர்ப்பைத் தெரிவிக்கக் கொடி பிடிப்பதா, வேலைநிறுத்தம் செய்வதா என்று முதலில் பேசினார்கள். வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமே இல்லை என்று பெரியம்மா ஒருவர் சொன்னதும் அந்தப் பேச்சு அடங்கியது. தொழில் திணைக்களத்தில் முறையிடலாம் என்று நான் சொன்னபோது, ‘எதை வைத்து முறையிடுவது?’ என்று அம்மா கேட்டார். சரியான கேள்வி. சம்பளச் சீட்டில் பேரின் எண்ணிக்கை இருக்குமே தவிர, எந்த நாளில் அரைப்பேர் விழுந்தது என்ற விவரம் இருப்பதில்லை. அதனால் ஒரு பாடசாலைக் கொப்பியில் கோடு போட்டு, திகதி, மலை இலக்கம், காலை நிறுவை, பகல் நிறுவை, மாலை நிறுவை, கழிவு, பேர் என்று பத்திகள் பிரித்தோம். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த பெண்பிள்ளை ஒருத்தி, மாலையில் லயத்து வாசலில் உட்கார்ந்து, வேலை முடிந்து வருபவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினாள். நிறுக்கும் இடத்தில் தரப்படும் துண்டுகளை மாத வாரியாகச் சேர்த்து நூலில் கட்டி, நனையாமல் சீனிப் பையில் போட்டு வைத்தோம். கழிவுப் பத்தி அவளுடைய யோசனை: சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒவ்வொரு நிறுவையிலும் கிலோக்களைக் கழிப்பதை எழுதத் தொடங்கிய பிறகுதான், அரைப்பேர் விழுந்த பல நாட்களில் கழிவைச் சேர்த்தால் இருபது கிலோ தாண்டியிருந்தது என்பது தெரிய வந்தது.

முறைப்பாட்டில் கையெழுத்து வாங்குவது கொப்பி எழுதுவதைவிடக் கடினமாக இருந்தது. ஓய்வுக்கு நெருங்கியவர்கள் சேவைக்காலப் பணத்தை நினைத்துப் பயந்தார்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்தவருக்கு ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாள் சம்பளம் என்ற கணக்கில் அது 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கிடைக்கும் உரிமை, முறையிட்டதற்காக யாரும் பறிக்க முடியாது என்று விளக்கினேன், சிலர் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டுக் கடிதம் வேண்டாம், ஆளுக்கொரு முறைப்பாடு போதும் என்று தீர்மானித்த பிறகு தயக்கம் கொஞ்சம் குறைந்தது. முதல் கையெழுத்து யாருடையது என்ற பிரச்சினை அதில் இல்லை.

முறைப்பாட்டில் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொழில்தருநரின் பெயரும் முகவரியும், வேலையில் சேர்ந்த திகதி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம், முறைப்பாட்டின் விவரம் ஆகியவை வேண்டும். இங்கேதான் பெயர்ச் சிக்கல் வந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று ஒருவருக்கே மூன்று பெயர்கள் இருந்தன. தோட்டத்தில் பதிந்த பெயரை அடையாள அட்டைப் பெயரோடு சேர்த்து எழுதி, இருவரும் ஒருவரே என்று கிராம உத்தியோகத்தரிடம் கடிதம் வாங்கி இணைத்தோம். இதே வழியில் போக நினைப்பவர்கள் இந்த வேலையை முதலில் முடித்துக்கொள்வது நல்லது. சேமலாப நிதியைப் பெறும் காலத்தில் எப்படியும் இது தேவைப்படும். முறைப்பாடுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டுகளையும் பிரதிகளையும் வைத்துக்கொண்டோம்.

நீண்ட காலம் பதில் வரவில்லை. கொரோனா முடக்கம் ஒரு காரணம். பிறகு பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் இல்லாமல் அலுவலகங்களே பாதி இயங்கின. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. முழுப்பேர் விழுந்தாலும் போதாத காலம் அது. காத்திருந்து அலுத்த பிறகு, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எங்கள் முறைப்பாடுகள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் இருக்கிறது என்ற இரண்டே கேள்விகளைக் கேட்டு விண்ணப்பித்தோம். அந்தச் சட்டப்படி பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். தகவலுக்கு முன்பே விசாரணைக்கான அழைப்புக் கடிதம் வந்து சேர்ந்தது. கோப்பு எங்கோ அடியில் கிடந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

விசாரணைக்குத் தோட்டத்தின் சார்பில் பெரிய கிளாக்கரும் இன்னொரு அதிகாரியும் செக்ரோலோடு வந்தார்கள். எங்கள் பக்கத்தில் முறையிட்ட பெண்களும், கணக்கைச் சொல்ல நானும். தொழில் அலுவலர் இரு தரப்பையும் உட்கார வைத்து, முதலில் தோட்டத்தைக் கேட்டார். இருபது கிலோவுக்குக் குறைவாகப் பறித்தால் முழுச் சம்பளம் கொடுக்க முடியாது, தொழிற்சாலை நட்டத்தில் ஓடுகிறது என்றார்கள். அந்த இருபது கிலோவை யார், எப்போது, எந்த எழுத்தில் அறிவித்தார்கள் என்று அவர் கேட்டபோது, பிரட்டில் வாயால் சொன்னதாகப் பதில் வந்தது. வர்த்தமானியில் நாளுக்குரிய சம்பளம் இருக்கிறதே ஒழியக் கிலோ இல்லை என்பதை அவர் குறித்துக்கொண்டார்.

அதன் பிறகு தோட்டத்தரப்பு வேறு வழியில் வாதிட்டது: அரைப்பேர் விழுந்தவர்கள் பகலோடு வேலையை விட்டு வீட்டுக்குப் போனவர்கள் என்று சொன்னார்கள். பெண்கள் கொதித்துப்போனார்கள். ‘மழையில நனைஞ்சு நாலரை வரைக்கும் நின்னோமே ஐயா, வீட்டுக்குப் போனோம்னு எப்படிச் சொல்றீங்க?’ என்று அம்மா கேட்டார். அலுவலர் கையமர்த்திவிட்டு, போகவில்லை என்பதற்கு என்ன ஆதாரம் என்றார். நான் கொப்பியைத் திறந்தேன். கிலோவைக் காட்டத்தான் அதை எழுதத் தொடங்கியிருந்தோம். ஆனால் மாலை நிறுவை என்ற பத்தி அங்கே வேறொன்றைச் சொன்னது. பகலோடு போனவருக்கு மாலை நிறுவை இருக்காது. அரைப்பேர் விழுந்த நாட்களில் மாலை நிறுவைத் துண்டு உள்ளவற்றை மட்டும் எடுத்து மேசையில் வரிசையாக வைத்தோம். நான்கு கிலோ, மூன்றரைக் கிலோ என்று சிறிய தொகைகள்தான். ஒவ்வொன்றும் அந்தப் பெண் மாலை வரை மலையில் நின்றதற்குத் தோட்டமே எழுதிக் கொடுத்த சாட்சி. அலுவலர் துண்டையும் செக்ரோலையும் திகதி திகதியாக ஒப்பிடச் சொன்னார். பெரிய கிளாக்கர் நல்ல மனிதர்; சில திகதிகளில் ‘சரிதான், இருக்கிறது’ என்று தானே வாசித்தார்.

முடிவு முழு வெற்றியென்று சொல்ல முடியாது. மாலை நிறுவைத் துண்டு இருந்த நாட்களுக்கு மீதிச் சம்பளத்தையும் அதற்குரிய சேமலாப நிதியையும் கொடுக்கத் தோட்டம் இணங்கியது. தவணையாக வந்து சேர்ந்தது. துண்டு தொலைந்த நாட்களுக்கு, கொப்பியில் எழுதியிருந்தும், ஒன்றும் கிடைக்கவில்லை. கொப்பி எழுதத் தொடங்குவதற்கு முந்திய மாதங்களைப் பற்றிப் பேசவே முடியவில்லை. கிலோ அளவைக் குறைக்கவும் இல்லை. ஆனால் மாலை வரை நின்றவருக்கு அரைப்பேர் போடுவது எங்கள் பிரிவில் கணிசமாகக் குறைந்தது. கழிவைக் கணக்கில் வைக்கச் சொன்ன கோரிக்கை ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லோடு நிற்கிறது. பக்கத்துப் பிரிவில் இப்போது மாலையில் நிறுப்பதையே சில நாள் தவிர்க்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உண்மையானால், அவர்களும் எங்கள் கொப்பியை நன்றாகப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியல் வெளியாகி, லயத்தில் பல குடும்பங்களின் பெயர் விடுபட்டபோது மேன்முறையீடு எழுதியதும் இதே பெண்கள்தான். அடையாள அட்டை, பெயர்க் கடிதம், சம்பளச் சீட்டுகள் எல்லாம் ஏற்கெனவே சேர்ந்திருந்ததால் அந்த வேலை விரைவாக முடிந்தது.

2024இல் 1700 ரூபா என்று வந்த வர்த்தமானி நீதிமன்றத்தில் தடைப்பட்டு, செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 என்று முடிந்தது. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அதை 1550 ஆக்கி, அரசாங்கம் நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்கத்தொகை சேர்த்து, 1750 ஆக வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். ஊக்கத்தொகை வரவுக்கு உரியது என்பதால், அரைப்பேர் விழுந்த நாளில் அது இருநூறா, நூறா, இல்லையா என்று எங்கள் பெண்கள் கேட்கிறார்கள். கொப்பியில் அதற்கும் ஒரு பத்தி போட்டிருக்கிறோம்.