ரெம்பியில் சிக்னல் வரவில்லையா? லேசரைக் கூட்டாதீர்கள்

பென்சீனை அயனியாக்க 9.24 எலெக்ட்ரான் வோல்ட் தேவை. 259 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் ஒரு ஃபோட்டானில் இருப்பது 4.79தான். ஒன்று போதாது, இரண்டு சேர்ந்தால் 9.57, தாராளம். முதல் ஃபோட்டான் மூலக்கூறைக் கிளர்வு நிலைக்கு ஏற்றி வைக்கும். அது அங்கிருந்து இறங்குவதற்குள் இரண்டாவது வந்து எலெக்ட்ரானைத் தட்டிவிடும். ஒத்ததிர்வால் பெருகும் பலஃபோட்டான் அயனியாக்கம் என்று நீட்டி முழக்காமல் ஆய்வகத்தில் ரெம்பி (REMPI) என்பார்கள். உருவான அயனிகளை வெற்றிடத்தில் பறக்கவிட்டு, அவை டிடெக்டரைச் சேரும் நேரத்தை வைத்து நிறையை அளப்பார்கள்; அங்கே தெரியும் உச்சங்கள்தான் சிக்னல்.

நடுவில் படியே இல்லாமல் இரண்டு ஃபோட்டான்களை ஒரே விழுங்காக விழுங்குவதும் உண்டு. அது நடக்கும் என்று மரியா கோப்பர்ட்-மேயர் 1931லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லேசர் வந்த பிறகு, 1961ல்தான் சோதனையில் தெரிந்தது. 230 நானோமீட்டரில் கார்பன் மோனாக்சைடைப் பிடிப்பது இந்த வழியில்தான்: இரண்டு ஃபோட்டானில் மேலே, மூன்றாவதில் அயனி.

இந்த முறையின் நுண்மைக்குக் காரணம் சிக்னல் பெரிதாக இருப்பதல்ல, பின்னணி ஏறக்குறைய இல்லாமல் இருப்பது. நைட்ரஜனுக்கு 15.58, தண்ணீருக்கு 12.6, ஆக்சிஜனுக்கு 12.07 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். இரண்டு ஃபோட்டான் அவற்றை அசைக்காது. ஆகவே காற்றுக்குள் துளியூண்டு பென்சீன் இருந்தாலும் பென்சீன் மட்டும் எழுந்து நிற்கும்.

சிக்னல் குறைந்தால் பலரும் முதலில் செய்வது, லென்ஸ் வைத்துக் கற்றையைக் குவிப்பது. 5 நானோசெகண்ட் துடிப்பில் 100 மைக்ரோஜூல், 1 மில்லிமீட்டர் விட்டம் என்றால் செறிவு சதுர செ.மீ.க்கு சுமார் 25 லட்சம் வாட். அதையே 50 மைக்ரோமீட்டருக்குக் குவித்தால் 400 மடங்கு ஏறும். அயனி உருவான பிறகும் ஃபோட்டான்களை விழுங்கிக்கொண்டே போய் உடையும். பென்சீனின் நிறையான 78ல் இருக்கவேண்டிய உச்சம், தனிக் கார்பன் அணுவின் 12 வரை சிதறும். ஒரே இடத்தில் அயனிகள் நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளி உச்சங்கள் அகலமாகும். ஆற்றலைப் பாதியாக்கிப் பாருங்கள். இரண்டு ஃபோட்டான் வேலை என்பதால் சிக்னல் கால்வாசியானால் நல்லது. பாதியோடு நின்றால் இரண்டு படிகளில் ஒன்று நிரம்பிவிட்டது. இனிக் கூட்டினால் துண்டுகள்தான் கூடும்.

நிறை நிறமாலையில் 18, 28, 32 (தண்ணீர், நைட்ரஜன், ஆக்சிஜன்) தெரிகிறதா? இரண்டு ஃபோட்டானுக்கு மசியாதவை அவை. வேறு யாரோ அயனியாக்குகிறார்கள். கற்றையின் ஓரம் கருவிக்குள் இருக்கும் உலோகத் தட்டிலோ வலையிலோ பட்டு, உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்களைக் கிளப்புகிறது. மின்புலம் அவற்றை முடுக்கிவிட, அவை காற்று மூலக்கூறுகள்மேல் மோதுகின்றன. கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் துளையான ஐரிஸைச் சுருக்குங்கள், நுழைவிலும் வெளியேற்றத்திலும் தடுப்புத் துளைகள் வையுங்கள். சன்னல்கள் சாதாரணக் கண்ணாடியாக இருக்கக்கூடாது, புற ஊதாவை உள்ளே விடும் ஃப்யூஸ்டு சிலிக்காதான்.

நேரம் ஒத்துப்போகாததும் அடிக்கடி வரும் தொல்லை. மாதிரியை ஒரு கடத்தி வாயுவில் கலந்து, வால்வு வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவார்கள். ஆர்கானில் கலந்து பீய்ச்சும் வாயு நொடிக்கு சுமார் 550 மீட்டர் வேகத்தில் போகும், அதாவது 10 செ.மீ. கடக்க 180 மைக்ரோசெகண்ட். ஹீலியத்தில் 60க்கும் கீழே. கடத்தி வாயுவை மாற்றிவிட்டு, வால்வுக்கும் லேசருக்கும் இடையிலான தாமதத்தை மாற்ற மறந்தால் லேசர் வெற்றிடத்தைச் சுடும். வால்வு திறக்க எடுக்கும் நேரத்தையும் சேர்த்து, 10 மைக்ரோசெகண்ட் படிகளில் நகர்த்தித் தேடுங்கள்.

பிறகு நிறையைச் சரிபார்க்க வேண்டும். 2000 எலெக்ட்ரான் வோல்ட்டில் பறக்கும் பென்சீன் அயனி 1 மீட்டரை சுமார் 14.2 மைக்ரோசெகண்டில் கடக்கும், டொலுயீன் 15.4ல். பென்சீனுக்குப் பக்கத்தில் 0.09 மைக்ரோசெகண்ட் தள்ளி, அதன் உயரத்தில் ஆறரை சதவீதமாக 79 தெரியவேண்டும், அது ஒரு கார்பன்-13 அணு உள்ள பென்சீன். அந்த விகிதம் அதிகமாகத் தெரிந்தால் டிடெக்டர் நிறைவுற்று 78 மொட்டையாகியிருக்கும்.

சைலீனின் மூன்று மாற்றியங்களுக்கும் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) நிறை 106தான்; எடையை வைத்துப் பிரிக்க முடியாது. வாயுவைச் சில கெல்வினுக்குக் குளிரவைத்தால், ஒவ்வொன்றும் ஒளியை விழுங்கும் அலைநீளக் கோடுகள் மெலிந்து தனித்தனியாக நிற்கும். பாரா-சைலீனின் முதல் கோடு 272 நானோமீட்டர் அருகே வரும். கோட்டில் ஒரு அளவீடு, 0.2 நானோமீட்டர் தள்ளி வேறு கோடில்லாத இடத்தில் இன்னொன்று எடுத்துக் கழியுங்கள். தள்ளிய இடத்திலும் அப்படியே நிற்பது உங்கள் மூலக்கூறு அல்ல. பெரும்பாலும் பம்ப் எண்ணெய், அல்லது முந்தின மாதிரி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்ட மிச்சம். நாஃப்தலீன் போன்றவை அப்படி ஒட்டும். குழாயை முழு நீளத்துக்கும் சூடாக வைக்கவேண்டும், குளிர்ந்த ஒரே ஒரு இணைப்பு போதும் கெடுக்க.