போக்கரில் சீட்டைவிட உட்கார்ந்திருக்கும் இடம் பெரிது

புதிதாகப் போக்கர் ஆட வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எந்தச் சீட்டு வந்தால் ஆடலாம், எது வந்தால் மடக்கி, அந்த ஆட்டத்தை விட்டு விலகிவிடலாம்? இதற்கு நான் எப்போதும் பதில் கேள்விதான் கேட்பேன். நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? அது தெரியாமல் ஏஸ், ஜாக்கி நல்ல கையா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலூர்ப் பக்கம் சீட்டு என்றாலே ரம்மி, இல்லாவிட்டால் மூணு சீட்டு. எங்கள் செட்டும் அப்படி வந்ததுதான். ரம்மியில் பதின்மூன்று சீட்டைக் கையில் விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, இதோடு அதைச் சேர்த்தால் என்ன, எதைக் கழிக்கலாம் என்று கண்ணைத் தன் கையிலேயே வைத்திருந்து பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கம் போக்கருக்கு அப்படியே வந்துவிடுகிறது. ஆனால் ரம்மியிலேயே நல்ல ஆட்டக்காரர்கள் அப்படி ஆடுவதில்லை, தான் கழிக்கும் சீட்டை அடுத்து உட்கார்ந்திருப்பவர் எடுத்துவிடுவாரே என்று பார்த்துத்தான் போடுவார்கள், அதாவது இடத்தைப் பற்றிய யோசனை அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. போக்கரில் அது இன்னும் பத்து மடங்கு முக்கியம், அவ்வளவுதான்.

மேலே போவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் எழுதுவது காசு வைக்காத ஆட்டத்தைப் பற்றி. ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுக் குடும்பமே நொறுங்கிப் போன கதைகளை நம் மாவட்டத்தில் எல்லோரும் கேட்டிருக்கிறோம். தமிழ்நாடு 2022ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதில் ரம்மி, போக்கர் தடையை மட்டும் நீக்கியது, அப்புறம் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடுத்து மத்திய அரசே சட்டம் போட்டது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் பாய் விரித்து, புளியங்கொட்டையைக் காயாக வைத்து, சீட்டு போடுகிறவர் யார் என்று காட்ட கேரம் ஸ்ட்ரைக்கரை வைத்து ஆடுகிறோம். ஆட்டத்தின் அழகு முழுக்க அதிலேயே கிடைக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். நாங்கள் ஆடும் போக்கர் வகைக்குப் பெயர் டெக்சாஸ் ஹோல்டெம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, அதுதான் கை, பிறகு நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு விழும், முதலில் மூன்று (ஃப்ளாப்), அப்புறம் ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). இதில் சீட்டு போடுகிறவரின் இடத்துக்குப் பெயர் பட்டன். ஒவ்வொரு கைக்கும் பட்டன் இடப்பக்கமாக ஒரு இடம் நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் முதல் ஆள் ஸ்மால் பிளைண்ட், அடுத்தவர் பிக் பிளைண்ட், இந்த இருவரும் சீட்டைப் பார்க்கும் முன்பே காய் போட்டாக வேண்டும். அவர்களுக்கு அடுத்து உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் பேச வேண்டும், அதாவது மடக்குவதா, காய் வைப்பதா என்று சொல்ல வேண்டும். ஃப்ளாப் விழுந்த பிறகு வரிசை மாறிவிடும்: ஸ்மால் பிளைண்ட் முதலில், பட்டன் கடைசியில். ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பட்டனில் இருப்பவர்தான் கடைசி ஆள். மற்றவர்கள் செக் செய்தார்களா (காய் வைக்காமல் விட்டார்களா), பெட் வைத்தார்களா (காய் வைத்தார்களா), எவ்வளவு வைத்தார்கள், எவ்வளவு நேரம் யோசித்தார்கள் எல்லாம் தெரிந்த பிறகுதான் அவர் முடிவு எடுக்கிறார்.

பொய்கை மாட்டுச் சந்தையில் பேரம் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள், அதில் அனுபவசாலி யாரும் முதலில் தன் விலையைச் சொல்ல மாட்டார், எதிராளி வாயைத் திறக்கட்டும் என்றுதான் காத்திருப்பார். பட்டனில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்பு விதியாகவே எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இப்போது அந்த ஏஸ், ஜாக்கிக்கு வருகிறேன். ஒன்பது பேர் ஆடும் மேசையில் நீங்கள் முதலில் பேச வேண்டிய இடத்தில் இருக்கிறீர்கள், உங்களுக்குப் பின்னால் எட்டுப் பேர். உங்களைவிடத் தெளிவாக நல்ல கை என்றால் இரண்டு பத்து சேர்ந்த ஜோடி அல்லது அதற்கு மேலான ஜோடி, ஏஸ் ராஜா, ஏஸ் ராணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் ஒரு ஏஸும் ஒரு ஜாக்கியும் போய்விட்டதால், மிச்சமிருக்கும் 50 சீட்டில் உருவாகக்கூடிய 1225 கைகளில் இப்படிப்பட்டவை 48தான். ஒரு ஆளிடம் அது இருக்க வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் எட்டுப் பேரில் யாராவது ஒருவரிடம் இருக்க வாய்ப்பு சுமார் 27 சதவீதம், கிட்டத்தட்ட நாலில் ஒரு தடவைக்கு மேல். அதே கை பட்டனில் வந்து, எல்லோரும் மடக்கிவிட்டார்கள் என்றால் பின்னால் இருப்பது பிளைண்ட் இருவர் மட்டும், வாய்ப்பு 8 சதவீதத்துக்குள் வந்துவிடுகிறது. சீட்டு மாறவே இல்லை! அதனால்தான் முதல் இடத்தில் ஏஸ், ஜாக்கி வேறு வேறு சாதியாக வந்தால் நான் யோசிக்காமல் மடக்குகிறேன், பட்டனில் யோசிக்காமல் ரெய்ஸ் செய்கிறேன், அதாவது காயைக் கூட்டி வைக்கிறேன். இதைப் பார்த்துவிட்டு என்னை நிலையில்லாத ஆட்டக்காரன் என்று சொன்னவர்கள் உண்டு, ஆனால் இதைவிட நிலையான ஆட்டம் எனக்குத் தெரியாது.

இது ஃப்ளாப்புக்கு முந்தைய கணக்கு. உண்மையான வித்தியாசம் அதற்குப் பிறகுதான். ஒரு கையை முழுதாகச் சொல்கிறேன், அப்போது புரியும்.

மே மாதம், ராத்திரி ஒன்பது மணிக்கும் சுற்றியிருக்கிற மலைப்பாறை எல்லாம் அனலை விட்டுக்கொண்டிருந்தது, மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. ஸ்ட்ரைக்கர் என் முன்னால், அதாவது நான்தான் பட்டன். ஸ்மால் பிளைண்ட் ஒரு கொட்டை, பிக் பிளைண்ட் இரண்டு. பிக் பிளைண்டில் காட்பாடி அண்ணன், சுலபத்தில் மடக்கவே மாட்டார். எல்லோரும் மடக்கி என்னிடம் வந்தது. என் கையில் டைமண்ட் ஜாக்கி, டைமண்ட் பத்து. ஆறு வைத்தேன், ஸ்மால் பிளைண்ட் போய்விட்டார், அண்ணன் மட்டும் கால் செய்தார், அதாவது என் அளவுக்குக் காய் வைத்தார். நடுவில் 13 கொட்டை.

ஃப்ளாப்பில் ஆட்டின் ராஜா, கிளாவர் எட்டு, இஸ்பேட் மூன்று. எனக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் செக். அவரிடம் ராஜா இருந்தால் செக் செய்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதுவரை ஆடியதில் தெரிந்த விஷயம், ஆனால் அன்றைக்கு அவர் கையிலிருந்த சீட்டை ஓரம் தூக்கி இன்னொரு தடவை பார்த்தார். ஆறு வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்துக் கால் செய்தார், 25 ஆயிற்று. டர்னில் ஒரு இரண்டு. மறுபடி செக். "என்னாடா தம்பி, வுடமாட்டியா?" என்றார். அவர் போகப் போவதில்லை என்பது எனக்குப் புரிந்துவிட்டது, அதனால் நானும் செக் செய்து ரிவரை இனாமாகப் பார்த்தேன். ஜாக்கி விழுந்தது. அவர் செக், நான் எட்டு வைத்தேன், அவர் கால் செய்து ஏஸ், எட்டைக் காட்டினார். 41 கொட்டையும் என் பக்கம் வந்தது.

ஜாக்கி வந்தது அதிர்ஷ்டம்தான், பார்க்காத 46 சீட்டில் ஆறு எனக்கு உதவும், அதில் ஒன்று வந்தது. ஆனால் அதை ஒரு கொட்டை கூடச் செலவழிக்காமல் பார்க்க முடிந்தது அந்த இடத்தில் இருந்ததால். இடத்தை மாற்றிப் பாருங்கள். அண்ணன் பட்டன், நான் பிக் பிளைண்ட், அதே சீட்டு, அதே ஃப்ளாப். நான் செக் செய்வேன், அவர் இரண்டு எட்டு சேர்ந்த ஜோடியோடு பெட் வைப்பார், நான் மடக்கிவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன். டர்னும் ரிவரும் எனக்கு இல்லவே இல்லை.

இதை எங்கேயோ மாடியில் ஆடுகிறவன் சொல்வதாக நினைத்தால், நார்வே நாட்டு ஆனெட் ஓப்ரஸ்டாட் செய்ததைக் கேளுங்கள். 2007ல் அவர் 180 பேர் கலந்துகொண்ட ஒரு சிறிய ஆன்லைன் போட்டியில் தன் சீட்டை மறைத்து வைத்துக்கொண்டே ஆடி முதலிடம் பிடித்தார், நடுவில் ஒரே ஒரு முறை மட்டும் பார்த்ததாகச் சொன்னார். இடத்தை வைத்து ஆடுவதும் எதிராளிகளைக் கவனிப்பதும் எவ்வளவு பெரியது என்று காட்டத்தான் அப்படி ஆடினாராம். அதே ஆண்டு செப்டம்பரில் லண்டனில் நடந்த முதல் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர் ஐரோப்பா முதன்மைப் போட்டியையும் ஜெயித்தார், அப்போது அவருக்கு வயது 18. எனக்கு இந்த ஆட்டத்தின் மேல் மரியாதை வந்ததே இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

பிளைண்ட் பற்றி ஒரு வார்த்தை. ஏற்கனவே காய் போட்டுவிட்டோமே, விடுவதா என்று கண்டதற்கும் கால் செய்வது எங்கள் மாடியில் மிகப் பெரிய வியாதி. போட்டது போட்டதுதான், அது இனி உங்கள் காய் இல்லை. பெரிய ஆட்டக்காரர்களும் நீண்ட காலக் கணக்கில் பிளைண்டில் இழக்கத்தான் செய்கிறார்கள், அங்கே கெட்டிக்காரத்தனம் என்பது குறைவாக இழப்பது. பிக் பிளைண்டிலாவது ஏற்கனவே போட்ட இரண்டு கொட்டையால் மிச்ச விலை குறைவாக இருக்கும், ஸ்மால் பிளைண்டில் அந்தச் சலுகையும் பாதிதான், அதோடு ஃப்ளாப்பிலிருந்து எல்லோருக்கும் முன்னால் நீங்கள்தான் பேச வேண்டும். மேசையிலேயே மோசமான இடம் அதுதான் என்பது என் முடிவு.

பட்டன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் உங்கள் இரு பக்கமும் யார் என்பது ராத்திரி முழுக்க மாறாது. இதை யாரும் கவனிப்பதில்லை. ஓயாமல் ரெய்ஸ் செய்கிற ஆள் உங்களுக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும், அப்போது அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நீங்கள் செய்யலாம். அடங்கி ஆடுகிறவர்கள் இடப்பக்கம் இருக்கட்டும், உங்கள் ரெய்ஸுக்குத் தொந்தரவு வராது. ராணிப்பேட்டையிலிருந்து வரும் மச்சான் கை சும்மா இருக்காது, அவர் உட்கார்ந்த பிறகு பார்த்து அவருக்கு இடப்பக்கம் பாயில் இடம் பிடிப்பதை நான் ஒரு கடமையாகவே செய்கிறேன்.

இதற்கெல்லாம் ஒரு எல்லை உண்டு. உங்களிடம் பிக் பிளைண்டைப் போலப் பத்து மடங்கு காய்தான் மிச்சம் என்றால், ஃப்ளாப்புக்கு முன்பே எல்லாவற்றையும் வைப்பதா மடக்குவதா என்ற ஒரே முடிவுதான், டர்னிலும் ரிவரிலும் கடைசியாகப் பேசுவதால் ஒரு பயனும் வராது. பின்னால் எத்தனை பேர் மிச்சம் என்பது மட்டும் அப்போதும் கணக்கு. காய் நிறைய இருக்க இருக்கத்தான் இடத்தின் மதிப்பு கூடும்.

கடைசியாக, இரண்டு பேர் மட்டும் மிஞ்சினால் எங்கள் மாடியில் ஒவ்வொரு தடவையும் சண்டை வருகிறது, அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். பட்டனில் இருப்பவரே ஸ்மால் பிளைண்ட் போட வேண்டும். ஃப்ளாப்புக்கு முன் அவர் முதலில் பேசுவார், ஃப்ளாப்புக்குப் பின் கடைசியில் பேசுவார். மாற்றி வைத்தால் பட்டனில் இருப்பவரே ஃப்ளாப்புக்கு முன்னும் பின்னும் கடைசியில் பேசுகிற மாதிரி ஆகிவிடும். மச்சான், அடுத்த சனிக்கிழமை வரும்போது இதைப் படித்துவிட்டு வா.